குடிக்காதவருக்கு எதற்குக் குடி மாத்திரை?

கேள்வி: என் கணவருக்கு 38 வயது. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கொரோனா ஊரடங்கில் செல்போனில் ரம்மி ஆட ஆரம்பித்தார். 2025 ஆகஸ்டில் அந்த ஆப்கள் மூடியதும் தொலைந்தது சனியன் என்று நினைத்தேன். ஆனால் டெலிகிராமில் வரும் லிங்க் வழியாகக் கிரிக்கெட் பந்தயம், அப்புறம் மூணு நம்பர் லாட்டரி என்று போய்விட்டார். இதுவரை 11 லட்சம் போயிருக்கிறது. என் நகையெல்லாம் அடகில். ஒருநாள் "நான் செத்தா இன்சூரன்ஸ் பணமாவது வரும்" என்றார். பயந்துபோய் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனோம். நால்ட்ரெக்சோன் 50 மி.கி. எழுதிக் கொடுத்து, ஞாயிறு காலை குழு சிகிச்சைக்கும் வரச் சொன்னார். மெடிக்கல் ஷாப்பில் "இது குடியை நிறுத்துற மாத்திரை" என்கிறார்கள். அவர் குடித்ததே இல்லை. குடியால் இறந்தவர் என் மாமனார். டாக்டர் மாற்றி எழுதிவிட்டாரா? கணவர் மாத்திரை மட்டும் போதும், குடிகாரர்களோடு வட்டமாக உட்கார மாட்டேன் என்கிறார். மாமியார் மாத்திரையே வேண்டாம், மூளை மழுங்கிவிடும், நாலு பேர் புத்தி சொன்னால் திருந்துவான் என்கிறார். என் அண்ணன், காங்கேயம் பக்கம் உள்ள நிலத்தை விற்று மொத்தக் கடனையும் அடைத்துவிடலாம் என்கிறார். 11 வயது மகனிடம் என்ன சொல்வதென்றும் தெரியவில்லை.
— ஒரு வாசகி, திருப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

மாத்திரை, குழு, நிலம் எல்லாம் கொஞ்சம் இருக்கட்டும். கடிதத்தின் நடுவே ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனீர்களே, இன்சூரன்ஸ் பணம் பற்றிய பேச்சு, அதைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஏதோ விரக்தியில் சொன்னார் என்று விட்டுவிடாதீர்கள். சூதாட்டத்துக்கு அடிமையானவர்களிடம் தற்கொலை எண்ணம் அதிகம். பெரிய தொகை போன இரவும், மறைத்து வைத்த கடன் வீட்டுக்குத் தெரியவரும் நாளும் ரொம்ப ஆபத்தானவை. அவர் சொன்னதை டாக்டரிடம் அப்படியே சொன்னீர்களா? இல்லையென்றால் இன்றே போன் செய்து சொல்லுங்கள். அவரிடமும் நேராகக் கேளுங்கள், "சாகணும்னு தோணுதா?" என்று. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. உள்ளே இருப்பது வெளியே வர வழி கிடைக்கும். ராத்திரி எந்த நேரமானாலும் 14416 என்ற எண்ணில் பேசலாம். டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய மனநல உதவி எண் அது. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். அவர்தான் பேச வேண்டும் என்றில்லை, நீங்களும் பேசலாம்.

சரி, மாத்திரைக்கு வருவோம்.

டாக்டர் மாற்றி எழுதவில்லை. மெடிக்கல் ஷாப்பில் சொன்னதும் பொய்யில்லை. நால்ட்ரெக்சோன் முதலில் ஹெராயின் போன்ற அபின் வகை போதைக்காக வந்த மருந்து. அமெரிக்காவில் 1984-ல் அதற்கும், 1994-ல் குடிநோய்க்கும் அனுமதி கிடைத்தது. நம் மூளை தானாகவே அபினைப் போன்ற சில ரசாயனங்களைச் சுரக்கிறது. பந்தயம் கட்டிவிட்டுக் காத்திருக்கும்போது உடம்பெல்லாம் ஒரு 'ஜிவ்' ஏறுகிறதே, அதில் இந்த ரசாயனங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஜெயித்தால்தான் ஏறும் என்றில்லை. "ஒரே ஒரு சீட்டில் போச்சு" என்கிற தோல்விக்கும் ஏறும். நால்ட்ரெக்சோன் அந்த ரசாயனங்கள் போய் ஒட்டும் இடத்தை அடைத்துவிடுகிறது. ஆடினாலும் பழைய கிறக்கம் வராது. நாளடைவில் 'ஆடியே ஆகணும்' என்ற நமைச்சலும் தணிகிறது.

சூதாட்டத்துக்கென்றே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒப்புதல் கொடுத்த மருந்து ஒன்றுகூட இல்லை. கையில் இருப்பவற்றில் ஓரளவு நல்ல சான்று உள்ளது நால்ட்ரெக்சோனுக்கும் அதன் உறவுக்கார மருந்தான நால்மெஃபினுக்கும்தான். 2008-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 77 பேருக்கு 18 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு மாதமாவது சூதாடாமல் இருந்தவர்கள் மாத்திரை சாப்பிட்டவர்களில் சுமார் 40 சதவீதம். மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் சுமார் 10 சதவீதம். இன்னொரு விஷயமும் இந்த வகை ஆய்வுகளில் தெரியவந்தது. குடும்பத்தில் குடிநோய் இருந்தவர்களுக்கு இந்த மருந்து கூடுதலாக வேலை செய்கிறது. உங்கள் மாமனாரைப் பற்றி டாக்டர் விசாரித்திருப்பார் என்று நினைக்கிறேன். அதை வைத்துத்தான் இதை எழுதியிருப்பார்.

மாமியாரின் பயம் நியாயமானதுதான். ஆனால் இது தூங்க வைக்கும் மாத்திரை இல்லை, மூளையை மழுக்காது, இதற்கு யாரும் அடிமையாவதில்லை. முதல் வாரம் குமட்டல், தலைவலி, லேசான கிறுகிறுப்பு வரலாம். சாப்பிட்டபின் போட்டால் குறையும். கல்லீரலைப் பாதிக்கலாம் என்பதால் தொடங்கும் முன்பும் இடையிடையேயும் ரத்தப் பரிசோதனை செய்வார்கள். அதைத் தவற விடாதீர்கள். குடித்தால் வாந்தி எடுக்க வைக்கும் மாத்திரை டைசல்ஃபிராம். ஊரில் கேள்விப்படுகிற கதைகள் பெரும்பாலும் அதைப் பற்றியவை. அதுவும் இதுவும் ஒன்றில்லை.

நீங்கள் கவனமாக இருக்க வேண்டியது வலி மாத்திரையில். கட்டிங் டேபிளில் நாள் முழுக்க நிற்பவர், முதுகுவலி கால்வலி என்று மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுவார். அதில் ட்ரமடால் கலந்திருந்தால் இந்த மருந்தோடு சேராது. கோடீன் கலந்த இருமல் சிரப்புக்கும் அதே கதைதான். பல் பிடுங்குவது முதல் ஆபரேஷன் வரை, எந்த டாக்டரிடம் போனாலும் நால்ட்ரெக்சோன் சாப்பிடுவதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு சீட்டில் எழுதி அவர் பர்ஸில் வைத்துவிடுங்கள்.

முதல் சில வாரங்கள் அவர் எரிந்து விழலாம், தூக்கம் வராமல் புரளலாம். "பாத்தியா, மாத்திரை பண்ற வேலை" என்று வீட்டில் சொல்வார்கள். பெரும்பாலும் அது ஆட்டத்தை நிறுத்தியதால் வருவது. குடியை நிறுத்தினால் கை நடுங்குகிற மாதிரி, சூதை நிறுத்தினால் மனசு நடுங்கும். சந்தேகமாக இருந்தால் டாக்டரைக் கேளுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

இங்கே இடையில் ஒன்று சொல்ல வேண்டும். சூதை அடக்கும் மாத்திரை இருப்பதுபோல, சூதாட வைக்கும் மாத்திரைகளும் உண்டு. பார்க்கின்சன் நோய்க்கும், ராத்திரி கால்களை அசைத்துக்கொண்டே இருக்க வைக்கும் நோய்க்கும் கொடுக்கும் பிராமிபெக்சோல், ரோபினிரோல் இரண்டும் அப்படிப்பட்டவை. வாழ்நாளில் சீட்டுக்கட்டைத் தொடாத பெரியவர்கள் சிலர், இவற்றைச் சாப்பிட ஆரம்பித்தபின் பென்ஷன் பணம் முழுவதையும் சூதில் விட்டிருக்கிறார்கள். மனநோய்க்குத் தரும் அரிபிப்ரசோலுக்கும் இதே எச்சரிக்கையை 2016-ல் அமெரிக்காவில் கொடுத்தார்கள். அதனால் சூதாட்டம் என்று யார் வந்தாலும் நான் முதலில் பழைய மருந்துச் சீட்டுகளைத்தான் கேட்பேன். உங்கள் கணவர் வேறு ஏதாவது மருந்து சாப்பிட்டு வந்தால் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்படியென்றால் மாத்திரை மட்டும் போதும் என்று உங்கள் கணவர் சொல்வது சரியா? மேலே சொன்ன கணக்கையே திருப்பிப் பாருங்கள். மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 40 பேரால் ஒரு மாதம் சும்மா இருக்க முடிந்தது என்றால், 60 பேரால் முடியவில்லை. ஏன்?

சூதாடுகிறவருக்குள் இரண்டு பசி இருக்கிறது. ஒன்று அந்தக் கிறக்கம். அதை மாத்திரை ஓரளவு பார்த்துக்கொள்ளும். இன்னொன்றை உங்கள் வீட்டில் நூறு தடவை கேட்டிருப்பீர்கள்: "விட்டதைப் பிடிக்கணும்." 11 லட்சம் போய்விட்டது, வேலை செய்து அதைச் சம்பாதிக்க எத்தனை வருஷம் ஆகும், ஒரே ஒரு நல்ல நாள் வந்தால் எல்லாம் சரியாகிவிடும். இது ரசாயனம் இல்லை, கணக்கு. தப்பான கணக்கு. இந்தக் கணக்கைக் காப்பாற்றத்தான் அவர் பொய் சொல்கிறார், உங்களிடம் மட்டுமல்ல, தன்னிடமும். 50 மில்லிகிராம் மாத்திரை எந்தப் பொய்யையும் கரைக்காது. நமைச்சலைக் குறைத்து, உட்கார்ந்து பேசுகிற நிதானத்தைத் தரும், அவ்வளவுதான். அந்த நிதானத்தில் என்ன பேசுவது, யாரோடு பேசுவது என்பதற்குத்தான் குழு.

நாலு பேர் புத்தி சொன்னால் போதும் என்கிறார் உங்கள் மாமியார். குழுவில் யாரும் புத்தி சொல்வதில்லை. எட்டு, பத்து பேர் உட்காருவார்கள். ஒரு உளவியலாளர் இருப்பார், ஆனால் அவர் பேசுவது குறைவு. புதிதாக வந்தவர் "என் கடன் மொத்தம் நாலு லட்சம், அவ்வளவுதான்" என்பார். எதிரில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "நானும் முதல் வாரம் பாதியைத்தான் சொன்னேன், மீதிப் பாதி எங்கே வெச்சிருக்கீங்க?" என்று கேட்பார். நான் கேட்டிருந்தால் அது விசாரணை. நீங்கள் கேட்டிருந்தால் வீட்டில் சண்டை. அதே தப்பைச் செய்த ஒருவர் கேட்கும்போது மட்டும் மனிதர்கள் ஏனோ உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு அது ஆச்சரியம்தான். மருத்துவம் படித்த எங்களுக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

நாங்கள் கொடுக்கும் முதல் வீட்டுப்பாடம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டை அச்செடுத்துக் கொண்டுவந்து, சூதுக்குப் போன ஒவ்வொரு வரியிலும் மஞ்சள் பேனாவால் கோடு போடுவது. ஜெயித்த நாளைத் தேதியோடு நினைவு வைத்திருப்பவர்களுக்குத் தோற்ற நாட்கள் நினைவில் இருக்காது. தாள் முழுவதும் மஞ்சளாவதைப் பார்த்தால் மனசில் போட்டு வைத்த கணக்கு உடையும். அப்புறம் எந்த நேரம், எந்த இடம், எந்த மனநிலையில் கை போனைத் தேடுகிறது என்று பார்ப்பார்கள். அந்த நேரத்தில் செய்ய வேறு என்ன இருக்கிறது என்று பேசுவார்கள், ஒத்திகையும் பார்ப்பார்கள்.

"ரம்மி திறமை விளையாட்டு, கோர்ட்டே சொல்லிடுச்சு" என்ற வாதம் வராத குழுவே இல்லை. உண்மைதான், 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறமை விளையாட்டு என்றே சொன்னது. அது சட்டத்துக்கான பாகுபாடு. மூளை தீர்ப்பைப் படித்துவிட்டு ஆடுவதில்லை. என் அனுபவத்தில், நன்றாக ஆடுகிறவர்தான் அதிகம் இழக்கிறார். தன் திறமை மேல் நம்பிக்கை இருப்பதால் மேசையை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். இதை நான் சொன்னால் உங்கள் கணவர் ஏற்க மாட்டார். எதிர் நாற்காலியில் இருக்கும் இன்னொரு 'நல்ல ஆட்டக்காரர்' சொல்லட்டும்.

குடிகாரர்களோடு உட்கார மாட்டேன் என்கிறாரே? சூதாட்டத்துக்கென்றே தனிக் குழு அமைந்தால் நல்லதுதான். லாஸ் ஏஞ்சலிஸில் 1957-ல் தொடங்கிய கேம்ப்ளர்ஸ் அனானிமஸ் என்ற சுய உதவி அமைப்பு அப்படித்தான் நடத்துகிறது. அதுவும் குடிநோயாளிகளின் அமைப்பான ஏ.ஏ.வின் வழியைப் பார்த்து உருவானதுதான். நம் ஊர்களில் ஒரே இடத்தில் பத்து சூதாட்ட நோயாளிகளைச் சேர்ப்பது கஷ்டம் என்பதால் கலந்த குழுவாகத்தான் இருக்கும். முதல் இரண்டு மூன்று வாரம் "இவங்க அளவுக்கு நான் கெட்டுப்போகல" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பரவாயில்லை, உட்காரட்டும். குடித்தால் வாடை காட்டிக்கொடுத்துவிடும். சூதுக்கு வாடை கிடையாது, பொய் இன்னும் ஆழமாக ஒளிந்திருக்கும் என்பது அங்கேதான் அவருக்குப் புரியும். அப்பாவைக் குடிக்குப் பறிகொடுத்தவருக்கு அந்த வட்டத்தில் உட்கார மனசு ஒப்பாததற்கு வேறு காரணமும் இருக்கலாம். அதையும் பேசுகிற இடம் அதுவே. வற்புறுத்தாமல், "நாலு வாரம் வந்து பாருங்க, பிடிக்கலைன்னா டாக்டர்கிட்ட நாமே சொல்லலாம்" என்று கேட்டுப் பாருங்கள்.

மருத்துவ உலகில் 1980-ல்தான் சூதாட்டத்துக்கு நோய் என்று பெயர் வைத்தார்கள். 2013-ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்கள் அதைக் குடி, போதையோடு ஒரே அத்தியாயத்தில் சேர்த்தார்கள். ஆகவே மருத்துவ நூலின்படியும் அவர் உட்கார வேண்டியது அந்த வட்டத்தில்தான்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன். சூதாட்டத்துக்கு மருந்தையும் குழுவையும் சேர்த்துக் கொடுத்து, தனித்தனியாகக் கொடுப்பதோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வுகள் குறைவு. பேச்சு வழிச் சிகிச்சைக்குத் தனியாகச் சான்று இருக்கிறது, மருந்துக்குத் தனியாகக் கொஞ்சம் இருக்கிறது. இரண்டிலும் உள்ள பெரிய தொல்லை, பாதியில் நின்றுவிடுகிறார்கள். நமைச்சல் தாங்காமல் குழுவை விட்டு ஓடுகிறவரை மாத்திரை கொஞ்சம் பிடித்து வைக்கிறது. "சரியாயிட்டேன்" என்று மாத்திரையை நிறுத்துகிறவரைக் குழு கண்டுபிடித்துவிடுகிறது. சேர்த்துக் கொடுப்பதற்கு என்னைப் போன்றவர்கள் சொல்லும் காரணம் இதுதான்.

திருப்பூரில் சனிக்கிழமை சாயங்காலம் வாரச் சம்பளம். அவருக்கு வாரத்திலேயே ஆபத்தான நேரம் சனி இரவு. ஞாயிறு காலை குழு என்பது அதனாலேயே நல்ல ஏற்பாடு. சம்பளம் உங்கள் கணக்குக்கு வரட்டும், அல்லது கையில் வாங்கியதும் உங்களிடம் வரட்டும். அவர் போனில் யூபிஐ வேண்டாம். பஸ்ஸுக்கும் டீக்கும் தினம் இவ்வளவு என்று கையில் கொடுங்கள். இது அவமானமாகத்தான் இருக்கும், அதனால் நீங்களாகப் பிடுங்காமல், குழுவிலோ டாக்டர் முன்னிலையிலோ அவரே ஒப்புக்கொண்டு செய்யும்படி பாருங்கள். பணம் உங்கள் கையில் இருக்கட்டும். ஆனால் ராத்திரி எழுந்து அவர் போனை நோண்டுகிற சி.ஐ.டி. வேலை உங்களுக்கு வேண்டாம். அதில் உங்கள் தூக்கம் போகும், அவர் ஒளிப்பதில் இன்னும் கெட்டிக்காரர் ஆவார். தீபாவளி போனஸ், ஐ.பி.எல். சீசன் இரண்டுக்கும் முன்கூட்டியே டாக்டரிடம் தேதி வாங்கிவிடுங்கள்.

உங்கள் அண்ணனுக்கு என் வணக்கம். நல்ல மனசு. ஆனால் நிலத்தை விற்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். ஒரே நாளில் கடன் முழுவதும் அடைந்தால், அவருடைய தப்புக் கணக்குக்கு நாமே சரி போட்ட மாதிரி: 'எப்படியும் யாராவது காப்பாத்துவாங்க.' கடன் கொடுத்த அதே ஆட்கள் மறுவாரமே மறுபடியும் கொடுப்பார்கள். எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதி, அவர் சம்பளத்திலிருந்து அவரே மெதுவாக அடைக்கட்டும். அண்ணன் உதவத்தான் வேண்டும் என்றால், ஏலத்துக்குப் போகவிருக்கும் நகைக்கு வட்டியை நேரே அடகு வைத்த இடத்தில் கட்டட்டும். பணமாக யார் கையிலும் கொடுக்க வேண்டாம். கந்து வட்டிக்காரர் மிரட்டினால் 2003-ல் வந்த தமிழகச் சட்டம் இருக்கிறது, போலீஸில் புகார் தரலாம். லோன் ஆப் மிரட்டலுக்கு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்.

போலீஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. பந்தயம் கட்டியது வெளியே தெரிந்தால் பிடித்துப் போவார்களோ என்ற பயத்திலேயே பலர் குழுவுக்கு வருவதில்லை. 2025-ல் வந்த மத்திய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை நடத்துகிறவர்களையும் விளம்பரம் செய்கிறவர்களையும் பணம் கைமாற உதவுகிறவர்களையும்தான் தண்டிக்கிறது, ஆடுகிறவரை அல்ல. சிகிச்சையில் சொல்வதை டாக்டர் வெளியே சொல்லக் கூடாது என்று 2017 மனநலச் சட்டமும் சொல்கிறது.

எத்தனை நாள் மாத்திரை என்று அடுத்துக் கேட்பீர்கள். நான் பொதுவாக ஆறு மாதத்துக்குக் குறைத்து நிறுத்துவதில்லை, ஒரு வருஷம் வரையும் போகும். உங்கள் டாக்டர் அளவையும் காலத்தையும் மாற்றலாம். மாத்திரையையும் குழுவையும் ஒரே சமயத்தில் விட வேண்டாம். முதலில் மாத்திரை நிற்கட்டும், அதன்பின் சில மாதமாவது குழு தொடரட்டும். இடையில் ஒருநாள் ஆடிவிடுவார். அநேகமாக எல்லோரும் ஆடுகிறார்கள். அன்றைக்கு எல்லாம் போச்சு என்று தலையில் அடித்துக்கொள்ளாமல், 24 மணி நேரத்துக்குள் குழுவிலோ உங்களிடமோ அவரே சொன்னாரா என்று மட்டும் பாருங்கள். சொல்லியிருந்தால் சிகிச்சை வேலை செய்கிறது என்று அர்த்தம்.

மகன் விஷயம். 11 வயதுப் பையனுக்கு விஷயம் ஏற்கெனவே தெரியும், பெயர்தான் தெரியாது. தொகை, நகை, கடன்காரர் எல்லாம் அவனுக்கு வேண்டாம். "அப்பாவுக்கு ஒரு நோய். போன்ல பணம் வெச்சு ஆடாம இருக்க முடியல. டாக்டர் மருந்து கொடுக்குறாங்க, ஞாயித்துக்கிழமை அதுக்குத்தான் போறாரு. உன்மேல எந்தத் தப்பும் இல்ல." இவ்வளவு போதும். முடிந்தால் அவர் பக்கத்தில் இருக்கும்போதே சொல்லுங்கள். கூடவே, அப்பா அவன் ஆன்லைன் வகுப்புப் போனையோ உங்கள் போனின் ஓ.டி.பி.யையோ கேட்டால் "அம்மாகிட்ட கேளுங்கப்பா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடச் சொல்லிக்கொடுங்கள்.